கேளாது எழுதிய ஓலை

மக்களாட்சி என்றால் என்ன என்று பள்ளிச் சிறுவனைக் கேட்டாலும், மக்கள் தம்மைத் தாமே ஆண்டுகொள்வது என்று விடை சொல்லிவிடுவான். அந்த ‘மக்கள்’ யார் என்று அடுத்த வினாவை எழுப்பினால் அவனுடைய ஆசிரியரும் சிறிது தயங்குவார். வாக்குரிமை உடையவர்களே மக்கள் என்று கொள்வோம். வாக்குரிமையை யாருக்கு வழங்கலாம் என்று தீர்மானிப்பவர் யார்? ஏற்கெனவே வாக்குரிமை உடையவர்கள். வேலிக்கு உள்ளே இருப்பவர்கள் கூடி, வேலியை எங்கே நடுவது என்று முடிவு செய்கிறார்கள். வெளியே நிற்பவனுக்கு அக்கூட்டத்தில் இடமில்லை. ஆனால் அம்முடிவினால் வாழ்வதும் வீழ்வதும் அவன்தான்.

இது வெறும் தருக்கப் புதிர் என்று தள்ளிவிட நம்மால் இயலாது. பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் வந்து குடியேறியவர்கள் நாம். மட்டாஞ்சேரித் தெருக்களில் ஒரு நாழிகை நடந்தால் போதும். வந்தேறிகளாலேயே ஆன ஊர் இது என்பது விளங்கும். கோவாவில் போர்த்துக்கீசியரின் கொடுமைக்கு அஞ்சி ஓடிவந்த கொங்கணிகள், வாணிகத்துக்கு வந்த குஜராத்திகள், டச்சுக்காரர் காலத்தில் சலவைத் தொழிலுக்காக அழைத்து வரப்பெற்று இன்றளவும் வெளிப் பகுதியில் அத்தொழிலைச் செய்துவரும் நம் தமிழர்கள் எனப் பலரும் இங்கே வேரூன்றினார்கள். யூதர்களின் தொழுகைக்கூடம் 1568-இல் எழுந்தது. அதற்கு இவ்வூரார் வைத்த பெயர் பரதேசிப் பள்ளி. பிற தேசத்தான் என்னும் பொருள் தரும் அச்சொல் நம் தமிழில் வசைச்சொல்லாய்ப் போனது எப்போது என்று மொழியறிஞர்கள் ஆராயலாம். கொச்சியிலோ அது ஓர் ஆலயத்தின் பெயராய் நிற்கிறது.

அந்த யூதர்கள் போற்றிக் காத்த பொருள் ஒன்று உண்டு. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் கி.பி. 1000-ஐ ஒட்டி, யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு எழுபத்திரண்டு உரிமைகளை வழங்கிப் பொறித்துக் கொடுத்த செப்பேடுகள் அவை. சட்டமன்றம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை, ஒரு மன்னனின் வாய்மொழி. அது ஒரு குலத்தையே பல நூற்றாண்டுகளுக்கு வாழவைத்தது. தனியொருவன் கையில் குவிந்த அதிகாரம் என்றதும் முகம் சுளிக்கும் இன்றைய அறிஞர்கள் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே அதிகாரத்தின் மறுமுகத்தைக் காணச் சிலப்பதிகாரத்துக்குச் செல்வோம். நாம் கோவலனைக் கண்ணகியின் கணவனாக, மாதவியின் காதலனாகக் கண்டு பழகிவிட்டோம். மதுரை நகரின் கண்களால் அவனைப் பார்த்தால் அவன் யார்? பொருளை இழந்து, பிழைக்க வழி தேடிப் பிற நாட்டிலிருந்து வந்து இறங்கிய அயலான். அவனுக்காகச் சான்று சொல்ல ஊரில் வேரூன்றிய ஒருவரும் இல்லை. பொற்கொல்லனோ அரண்மனையில் பழகியவன். அரசியின் ஊடல் தீர்க்க விரைந்து கொண்டிருந்த வேந்தன் அவன் சொல்லை மட்டும் கேட்டு ஆணையிட்டான். வந்தவனை அழைத்து ‘நீ யார்?’ என்று ஒரு சொல் வினவவில்லை. அவ்வினா கண்ணகியிடம் கேட்கப்பட்டபோது கோவலன் வெட்டுண்டு கிடந்தான். கொடுங்கல்லூர்ப் பகவதியைக் கண்ணகியாகவே கொள்ளும் மரபு உள்ள இந்நாட்டில் வாழும் நாம், அவள் கற்பைப் பேசும் அளவுக்கு இந்தக் கேளாமையைப் பேசுவதில்லை. பாண்டியன் கொடியவன் அல்லன். உண்மை தெரிந்ததும் உயிரையே விட்டவன். அவன் செய்த அநீதி, கேளாமல் தீர்த்தது.

ஆக, ஒருவன் கையில் அதிகாரம் இருந்தால் செப்பேடும் பிறக்கலாம், கொலைவாளும் பிறக்கலாம் என்று ஆகிறது. அப்படியானால் பலர் கூடி வாக்களித்து முடிவு செய்வதே பாதுகாப்பு என்று தோன்றும். எனக்கும் நெடுநாள் அந்த எண்ணமே இருந்தது. இலங்கை மலையகத் தமிழரின் வரலாற்றைப் படிப்பவர்களுக்கு அந்த நம்பிக்கை அவ்வளவு எளிதில் நிலைக்காது.

முதலில் காப்பிக்கும், பின்னர்த் தேயிலைக்குமாக, பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இலட்சக்கணக்கானவர் இலங்கைக்குச் சென்றனர். காடழிந்து மலை பச்சையாயிற்று. அவர்கள் வெறும் கைகளாக, கூலிக் கணக்கில் பேராக இருந்தவரை, அவர்கள் யார், எந்நாட்டார் என்று எவரும் பெரிதாகக் கேட்கவில்லை. 1931-இல் டொனமூர் அரசியலமைப்பு இலங்கைக்கு வயது வந்தோர் வாக்குரிமையைக் கொண்டுவந்தது. அதற்கான பேச்சு எழுந்தபோதே, தோட்டத் தொழிலாளிக்கும் வாக்கா என்னும் எதிர்ப்பும் எழுந்தது. அதன் விளைவாக அவர்களுக்கு மட்டும் நிரந்தர வாசம் பற்றிய நிபந்தனைகள் விதிக்கப்பெற்றன. கொழுந்து பறிக்கும் கை எவருக்கும் அச்சமூட்டவில்லை. அதே கை வாக்குச் சீட்டைத் தொடும் என்றதும் அச்சம் பிறந்தது. குடியேற்றம் பற்றிய அரசியலில் உலகெங்கும் இதனைக் காணலாம்: உழைப்பாளியாய் வந்தவன் வாக்காளனாகும் நாளில்தான் அவன் ‘அந்நியன்’ ஆகிறான்.

1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத் தொகுதிகளில் வென்று பாராளுமன்றத்தில் நுழைந்தது. சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவிலிருந்து சென்றார். வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரிகளுக்குத் துணை நின்றன. அடுத்த ஆண்டு பிப்ரவரி 4-இல் நாடு விடுதலை பெற்றது. அவ்வாண்டே டி. எஸ். சேனநாயக்காவின் அரசு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் நிறைவேறி நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒருவர் வம்சாவழிக் குடிமகனாக வேண்டுமானால் தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தை வழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத காலத்துப் பாட்டனுக்கு லயத்து வீட்டில் வாழ்பவன் எங்கே போய்ச் சான்று வாங்குவான்? 1949-இல் பதிவின் மூலம் குடியுரிமை பெற ஒரு சட்டமும், குடியுரிமை இல்லாதவர்க்கு வாக்கில்லை என்று மற்றொரு திருத்தமும் வந்தன. 1952 தேர்தலில் மலையகத்தின் சார்பில் ஓர் உறுப்பினர்கூடத் தேர்ந்தெடுக்கப்படவில்லை.

இவை யாவும் சட்டப்படி நடந்தன என்பதை வற்புறுத்திச் சொல்கிறேன். மன்னனின் அவசர ஆணை அன்று. விவாதம் நடந்தது, வாக்கெடுப்பு நடந்தது. சிறுபான்மையினருக்குப் பாதகமான சட்டம் இயற்றலாகாது என்று சோல்பரி அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவு கூறியதே, அது என்னவாயிற்று என்று கோடாக்கான் பிள்ளை வழக்கில் வினவப்பட்டது. வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில்வரை சென்றது. தன் குடிகள் யார் என்று வரையறுப்பது ஒரு நாட்டுச் சட்டமன்றத்தின் இயல்பான அதிகாரம், இது எந்த இனத்தையும் குறிவைத்த சட்டமாகாது என்று 1953-இல் தீர்ப்பாயிற்று. சட்டத்தின் சொற்களில் ‘தமிழன்’ என்ற பெயர் இல்லை, உண்மைதான்.

இதனினும் நுட்பமான அநீதி ஒன்று உண்டு. தொகுதிகளை வகுக்கும்போது மக்கள்தொகை கணக்கிடப்பட்டது. அத்தொகையில் வாக்கற்ற தோட்டத் தொழிலாளரும் சேர்க்கப்பட்டனர். அதனால் மலைநாட்டுக்குக் கூடுதல் இடங்கள் கிடைத்தன. அவ்விடங்களை நிரப்பும் உரிமை அங்கு வாழ்ந்த மற்றவர்களுக்கு மட்டும் இருந்தது. தலை எண்ணிக்கைக்கு ஆள், வாக்குப் பெட்டிக்கு ஆள் இல்லை. அமெரிக்கர்கள் 1787-இல் தம் அரசியலமைப்பை எழுதியபோது அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட்டு, அதன் பயனை அடிமைகளின் உடைமையாளருக்கே அளித்தது நினைவுக்கு வருகிறது.

பதிவுக்கு விண்ணப்பித்தவர்களின் கதை தனி. முதலில் புறக்கணிப்பு, பின்பு கடைசி நேரத்தில் விரைவு என்று, குடும்பத்தாரையும் சேர்த்து எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. ஏற்கப்பட்டவர் சுமார் 1,34,000 பேர். திருமணமானவர் ஏழாண்டும், ஆகாதவர் பத்தாண்டும் இடைவிடாமல் வசித்ததை நிறுவ வேண்டும். நான் கோப்புகளோடு வாழ்நாள் கழிக்கும் எழுத்தன். ஆகவே இவ்விடத்தில் என் மனம் சற்று நிற்கிறது. ‘இடைவிடாமல்’ என்னும் ஒரு சொல்லை ஓர் அலுவலகத்தில் எத்தனை விதமாகப் பொருள் கொள்ளலாம் என்பதை என் தொழிலார் அறிவர். தாய் இறந்தாள் என்று ஊருக்குப் போய் நீண்ட நாள் தங்கியவனுக்கு அது இடைவெளி. சட்டம் இயற்றுபவர் கொழும்பில் ஒருமுறை கை தூக்குகிறார். அதனை ஆயிரம் முறை, ஆயிரம் முகங்களுக்கு எதிரே நிறைவேற்றுபவன் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவன். ஐயம் எழுந்தால் அதன் பயனை விண்ணப்பதாரருக்கு அளிப்பதா, அரசுக்கு அளிப்பதா என்பதைச் சட்டப் புத்தகம் அவனுக்குச் சொல்வதில்லை. மேலிடத்தின் முகக்குறிப்பே சொல்லிவிடுகிறது.

இனி, ஒப்பந்தங்கள். 1964 அக்டோபர் 30-இல் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையொப்பமிட்டனர். 9,75,000 பேர். அவர்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசலாம் என்று விட்டார்கள். 1974-இல் பேசினார்கள், ஆளுக்குப் பாதி என்று பகிர்ந்து கொண்டார்கள். பாகப்பிரிவினையில் தென்னந்தோப்பைப் பிரிக்கும்போதாவது எந்த மரம் யாருக்கு என்று ஒருவர் நேரில் சென்று பார்த்து வருவார். சாஸ்திரி எளிமையும் நேர்மையும் மிக்கவர் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. அவருக்கும் அந்த ஒன்பதே முக்கால் இலட்சம் பேரில் ஒருவரையேனும் கேட்டு எழுத வேண்டும் என்று தோன்றவில்லையே என்பதுதான் வருத்தம். நல்லவர் இருவர் எழுதியதால் கேளாது எழுதிய ஓலை நல்ல ஓலையாகிவிடுமா?

அதே 1964-இல் பர்மாவில் என்ன நடந்தது? அங்கே தேர்தலும் இல்லை, பாராளுமன்றமும் இல்லை. 1962-இல் ஆட்சியைப் பிடித்த தளபதி நே வின் கடைகளை நாட்டுடைமையாக்கினார், பெரிய நோட்டுகளைச் செல்லாது என்றார். இலட்சக்கணக்கான இந்தியர் வெறுங்கையராய்க் கப்பலேறினர். அவர்களுள் தமிழர் மிகுதி. சென்னையின் பர்மா பஜார் அவர்கள் கதைக்குச் சான்று. ஒரு பக்கம் படைத்தளபதியின் ஆணை, மறுபக்கம் முறையான தேர்தலில் வந்த அரசுகளின் உடன்படிக்கை. இரண்டும் ஒரே தமிழ்நாட்டுக் கரையில் ஒரே வகையான மூட்டைகளோடு மனிதரை இறக்கிவிட்டன.

ஒப்பந்தப்படி வந்தவர்களுக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களும், நம் கேரளத்தில் புனலூரை மையமாகக் கொண்ட மறுவாழ்வு ரப்பர்த் தோட்டங்களும் அமைக்கப்பெற்றன. அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நன்றி மறந்த பேச்சு. ஆனால் அங்கே ‘இந்தியத் தமிழன்’ என்று அழைக்கப்பட்டவன் இங்கே வந்ததும் ‘சிலோன்காரன்’ ஆனான். 1946 கணக்கெடுப்பில் இலங்கை மக்கள்தொகையில் நூற்றுக்குப் பன்னிருவர் அளவில் இருந்தவர்கள், 1981-இல் நூற்றுக்கு ஐந்தரைப் பேர் ஆயினர்.

இவ்விடத்தில் நம் தீவின் பக்கமே நடந்த ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையத்துக்குச் சாலை போட 2008 பிப்ரவரியில் மூலம்பிள்ளியில் வீடுகள் இடிக்கப்பட்டன. அத்திட்டத்தால் வீடிழந்த குடும்பங்கள் மொத்தம் 316. அவர்கள் போராடினார்கள், அடுத்த மாதமே முதலமைச்சர் அச்சுதானந்தனின் அரசு மறுவாழ்வுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. அறிவித்தவை அனைத்தும் கைக்கு வந்து சேர ஆண்டுகள் பல கழிந்தும் போராட வேண்டியிருந்தது என்பது வேறு. ஆயினும் அரசு இறங்கி வந்து பேசியது. ஏன்? அவர்களுக்கு வாக்கு இருந்தது. செய்தித்தாளில் அவர்கள் மொழி இருந்தது. ஒரு சாலைக்காக 316 குடும்பங்களை அகற்றிய அரசு அவர்களோடு பேரம் பேச வேண்டியிருந்தது; ஐந்தேகால் இலட்சம் பேரைக் கடல் கடத்தத் தீர்மானித்த இரண்டு அரசுகளுக்கு அத்தேவை எழவில்லை.

இலங்கையில் கதை திரும்பியது எப்படி என்பதுதான் என் சிந்தனையை மிகவும் கிளறுகிறது. 1978-இல் ஜே. ஆர். ஜெயவர்த்தனா நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி ஆட்சியை நிறுவினார். வானளாவிய அதிகாரம் கொண்ட அப்பதவியால் நாட்டுக்கு நேர்ந்த தீங்குகளை யாவரும் அறிவர். வடகிழக்குத் தமிழர் நன்கறிவர். ஆனால் அந்தப் பதவிக்கான தேர்தலில் நாடு முழுவதும் ஒரே தொகுதி. தொகுதி எல்லைகளால் நெரிக்கப்பட்ட மலையகத்தின் வாக்கு, நாடளாவிய தராசில் ஏறியதும் எடை பெற்றது. 1977-இல் மீண்டும் பாராளுமன்றம் புகுந்த தொண்டமான் அடுத்த ஆண்டு அமைச்சரானார். பதிவுக் குடிமகன், வம்சாவழிக் குடிமகன் என்ற வேறுபாட்டைப் புதிய அரசியலமைப்பு நீக்கியது. 1986 தொடக்கத்தில் தோட்டத் தொழிலாளர் பிரார்த்தனை இயக்கம் நடத்தினர். வேலையை நிறுத்திக் கடவுளை வேண்டிக்கொள்வதை எந்தச் சட்டம் தடுக்கும்? அவ்வாண்டே நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது. 1988 டிசம்பரில் ஜனாதிபதித் தேர்தல். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு மற்றொரு சட்டம் வந்து பெரும்பகுதியினரைக் குடிமக்களாக்கியது. பிரேமதாசா நூற்றுக்கு ஐம்பதைச் சிறிதே தாண்டி வென்றார். எஞ்சியவர்களுக்கு 2003 அக்டோபரில் பாராளுமன்றம் ஒருமனதாக வழி திறந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

வாக்குக்காகப் பறித்ததை வாக்குக்காகத் திருப்பித் தந்தார்கள். விலையாக வந்த நீதி நீதியாகுமா என்று அறநூல் கற்றோர் கேட்கலாம். கேட்பது எளிது. நாற்பது ஆண்டு நாடற்றவனாய் இருந்த கிழவனிடம் போய், ‘உனக்குக் கிடைத்தது தூய நோக்கத்தோடு கிடைக்கவில்லை, ஆகவே வேண்டாம் என்று சொல்’ என்று எவரால் கூற முடியும்? கொடுத்தவனின் உள்ளத்தை ஆராய்வது கொடுத்தவனுக்குப் பயன்படும்; பெற்றவனுக்குப் பெற்றதே பெரிது. தொண்டமான் எல்லா அரசுகளோடும் பேரம் பேசினார் என்று அவரைப் பழித்தவர் பலர். வாக்கில்லாத மக்களின் தலைவனுக்குப் பேரத்தைத் தவிர வேறு எந்தக் கருவியை அவர்கள் விட்டு வைத்தார்கள் என்று நான் கேட்பேன்.

ஆயினும் பேரத்தால் வந்ததற்கு ஒரு குறை உண்டு. தேவை தீர்ந்தால் அது திரும்பிப் போகலாம். அமெரிக்காவைப் பாருங்கள். சிறுவயதில் பெற்றோருடன் உரிய ஆவணமின்றி வந்து சேர்ந்த இளைஞர்களை வெளியேற்ற மாட்டோம் என்று 2012-இல், தேர்தல் ஆண்டில், ஒபாமாவின் அரசு ஆணையிட்டது. பாராளுமன்றம் அன்று, நிர்வாகத்தின் பேனா. 2017-இல் அடுத்தவரின் பேனா அதனை நீக்க முற்பட்டது. நீக்கிய முறை சரியில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2025 ஜனவரி 20-இல் பதவியேற்ற அன்றே டிரம்ப், தாய் தந்தையர் நிரந்தர உரிமை பெறாதவராயின் அங்கே பிறக்கும் குழந்தைக்குப் பிறப்புக் குடியுரிமை இல்லை என்று ஆணை பிறப்பித்தார். அது உடனே வழக்காயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் ‘எச்-1பி’ அனுமதிக்கான புதிய விண்ணப்பங்களுக்கு ஒரு இலட்சம் டாலர் கட்டணம் என்று ஓர் அறிவிப்பு வந்தது. நம் சங்கத்துக் குடும்பங்களில் எத்தனை வீட்டில் அன்றிரவு தொலைபேசி மணி அடித்திருக்கும்!

அந்நாட்டிலேயே 1942-இல் ரூஸ்வெல்ட் ஒரே ஆணையால் ஜப்பானிய வம்சாவழியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தார். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். குடியுரிமைச் சீட்டுக்கூடத் தனித்துக் காக்காது என்பதற்கு இதுவே சான்று. உயிரோடிருந்தவர்களுக்கு ஆளுக்கு இருபதாயிரம் டாலரும் மன்னிப்பும் 1988-இல் வந்தன. மலையகத்துக்குக் குடியுரிமை வந்த அதே ஆண்டு.

சட்டமன்றம் பெரிதா, நிறைவேற்று அதிகாரம் பெரிதா என்று வழக்காடுபவர்களை நான் தடுக்கவில்லை. பாதிக்கப்படுபவனைக் கேட்ட பிறகு எழுதப்பட்டதா என்னும் வினாவே எனக்கு முதன்மையாகப் படுகிறது. அந்த வினாவை இலங்கையிடமும் அமெரிக்காவிடமும் கேட்டுவிட்டு நம் வீட்டில் கேட்காமல் இருப்பது முறையன்று. அரசு ஊழியனாகிய நான் கட்சி பேசக்கூடாது; பேசவும் மாட்டேன். 2019-இல் நம் நாட்டில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களைப் பற்றிப் பேசுகிறது. இலங்கை அதில் இல்லை என்பது கட்சிப் பேச்சன்று. சட்டத்தைப் படித்தவர் எவரும் சொல்லக்கூடியது. 1983 கலவரத்துக்குப் பின் ஓடிவந்தவர்களும் அவர்கள் மக்களுமாக அரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டின் முகாம்களில் வாழ்கின்றனர். அவர்களுள் மலையக வம்சத்தவர் பல்லாயிரவர். அவர்களுடைய முன்னோர் இங்கிருந்து சென்றவர்கள்.

இராமேசுவரம் செல்லும் வழியில் மண்டபம் முகாம் இருக்கிறது. வெள்ளையர் காலத்தில் தோட்டத்துக்குப் போகும் கூலிகளை நோய்த் தடுப்புக்காகத் தங்கவைத்துச் சோதித்து அனுப்பியது அங்கேதான். சாஸ்திரி ஒப்பந்தப்படி திரும்பி வந்தவர்களைப் பதிவு செய்து பிரித்து அனுப்பியதும் அங்கேதான். அகதிகளாய்ப் படகில் வந்தவர்களை வைத்ததும் அங்கேதான். 2004 டிசம்பர் 3 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, தாய் தந்தையருள் ஒருவர் சட்டவிரோதமாய்க் குடியேறியவராகக் கருதப்பட்டாலும், இந்தியாவில் பிறந்த குழந்தை பிறப்பால் இந்தியக் குடியாகாது. ஆகவே அம்முகாமில் பிறக்கும் பிள்ளைக்காகத் தாய் தந்தையர் இன்றும் பழைய தகரப் பெட்டியைத் திறந்து, பாட்டன் எந்த ஊரில் பிறந்தான் என்று காட்டும் காகிதத்தைத் தேட வேண்டியிருக்கிறது.